மழைக்காலத் தலைவலி

அத்தியாயம் 17

வியாழக்கிழமை பரிமளா தறியில் உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தாள். கல்யாணப் புடவைக்காகப் போட்டிருந்த பட்டுப் பாவு இழையில் அரை முழம் பாழானது. அன்று சாயங்காலமே அவளுடைய மாமியார் கற்பகம், முள்ளிப்பட்டில் இருக்கும் சம்பந்திக்கு ஃபோன் போட்டுவிட்டாள்.

"சனிக்கிழமை மூணு மணிக்கு வாங்க. உங்க பொண்ணு விஷயமா உக்காந்து பேசணும்."

சனிக்கிழமை விடிந்தபோதும் மழை விடவில்லை. பத்தொன்பதாவது நாள்.

ஸ்வர்ணலதா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கற்பகத்தின் மூத்த பிள்ளை அவள். வயது முப்பத்தாறு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கலசப்பாக்கத்தில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். இப்போது இங்கே ஆரணியிலேயே ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் கிளார்க். கொடியில் நாலு நாளாகக் காயாத புடவையைத்தான் இன்றைக்கும் உடுத்தியிருந்தாள். இடுப்பில் ஈரம் ஒட்டியது. மாற்றிக்கொள்ளவும் அலுப்பாக இருந்தது.

செருப்பை மாட்டும் முன் தறி அறையை எட்டிப் பார்த்தாள்.

உள்ளே இரண்டு தறிகள். கதவோரத் தறி தம்பி, பரிமளாவின் புருஷன் ஹேமநாத்தினுடையது; ஆள் இல்லை, டீக்கடைக்குப் போயிருந்தான். உள்பக்கத் தறியில் பரிமளா. சாரல் அடிக்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, மேலே கோணியும் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் கால்மாட்டில் கரிச்சட்டி கனன்றுகொண்டிருந்தது. மழைக்காலத்தில் பட்டு ஈரத்தைக் குடித்துவிடும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அறுந்துபோகும். அதனால் கற்பகம் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து ஐப்பசி பிறந்தால் தறி அறையில் கரிச்சட்டி வைப்பது வழக்கம்.

பரிமளா நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்தாள்.

"இன்னைக்கு எதுக்குத் தறியில உக்காந்தே?"

"புதன்கிழமை புடவை குடுக்கணும்னு அத்தை சொன்னாங்க அண்ணி. போறதுக்குள்ள ஆனவரைக்கும் நெய்யலாம்னு."

"போறதுக்குள்ளயா?"

"பெட்டி கட்டி வெச்சிட்டேன். அப்பா வந்தா கூட்டிகினு போயிடுவாரு." நெய்வதை நிறுத்தாமலே சொன்னாள். "எனக்கும் முடியல அண்ணி. மண்டைக்குள்ள யாரோ உரல் வெச்சி இடிக்கிறாப்பல இருக்குது. அதோட சேர்த்துப் பேச்சும் கேக்கணும்னா எங்க போறது?"

ஸ்வர்ணலதா செருப்பை மாட்டினாள். குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஐப்பசியில் ஆரம்பித்தது பரிமளாவுக்கு இது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பஜாரில் டாக்டர் பார்த்து, ரத்தம் கொஞ்சம் குறைவு என்று ஊசி போட்டு, வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார். அதில் ஒன்றும் ஆகவில்லை. அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் இருந்தாள். இரண்டாம் நாளே தலைவலி விட்டுவிட்டது. திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடி பிடித்தது. போன அமாவாசைக்குத் தறி ஓடவில்லை. அன்று முழுக்க நன்றாக இருந்தாள். வடை சுட்டுத் தானும் நாலு தின்றாள்.

கற்பகம் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். வேலை நாளில் வருகிற நோய் லீவு நாளில் எங்கே போகிறது என்று தெருவில் நாலு பேரிடம் கேட்டாள். ஜோசியர், சித்திரையில் மேலே தளம் போட்ட நேரம் சரியில்லை, புது வீடு மருமகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டும் சேர்ந்து இன்றைய மூன்று மணியில் வந்து நின்றன.

* * *

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்.

"சயின்ஸ் கண்காட்சிக்கு ஒரு பத்து சோதனை வேணும் ஸ்வர்ணா. 'நுண்ணோக்கி'ன்னு மாசப் பத்திரிகை வருமே, இப்ப கடையில கிடைக்கறதில்ல. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுட்டாங்களாம். இதான் அட்ரஸ். பிரிண்ட் எடுத்துகினு வந்துடுங்க."

பிரவுசிங் சென்டர் காந்தி சிலைக்குப் பின்னால் ஒரு மாடிப்படியின் கீழே இருந்தது. நாலு கம்ப்யூட்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. நடத்துகிறவள் அமலா. இருபத்திமூன்று வயசு. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, லோன் போட்டு ஆரம்பித்தவள்.

அட்ரஸை அடித்ததும் திரை முழுக்க ஏதேதோ கோடும் புள்ளியுமாக வந்தது.

"இன்னாம்மா இது, ஒரே குப்பையா வருது."

"குப்பை இல்லக்கா, தமிழ்தான். அந்த எழுத்து நம்ம மிஷின்ல இல்ல. அவங்க சைட்லயே வெச்சிருப்பாங்க, இறக்கிடலாம். லைன் ஸ்லோ, கொஞ்சம் உக்காருங்க."

இருபது நிமிஷம் ஆனது. பிறகு கோடும் புள்ளியும் ஒரே தடவையில் தமிழாக மாறின.

சோதனைகளைத் தேடத்தான் ஸ்வர்ணலதா உட்கார்ந்தாள். கண் வேறு எங்கெங்கோ போயிற்று. வாசகர் கேள்விகள் என்று ஒரு பக்கம். போர் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை என்று யாரோ கேட்டிருந்தார்கள். ஐந்து வருஷமாக அவளும் துணி துவைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்ட கேள்வி அது. மிளகாய்த்தூளில் செங்கல் பொடி கலந்திருக்கிறதா என்று ஒரு டம்ளர் தண்ணீரில் பார்ப்பது எப்படி, இடி இடிக்கும்போது ஃபோன் பேசலாமா, தேள் கொட்டினால் முதலில் என்ன செய்ய வேண்டும். படித்த காலத்தில் அறிவியல் என்றால் தவளைப் படம் போட்டுப் பாகம் குறிப்பது. இதை எழுதியவர்கள் அவள் வீட்டுச் சமையலறைக்குள் வந்துபோனவர்கள் மாதிரி எழுதியிருந்தார்கள்.

மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடும் சோதனை கிடைத்தது. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கே புரியும். அதைக் குறித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தின் அடியில், இதையும் படியுங்கள் என்று ஒரு வரி இருந்தது.

மூடிய அறையில் கரி அடுப்பு.

அமுக்கினாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய இதழ். கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: குளிருக்காக அறைக்குள் கரிச்சட்டி வைக்கிறோம். கொஞ்ச நாளாக வீட்டில் எல்லோருக்கும் தலைவலி. கரியில் புகையே வருவதில்லையே, அதனால் இருக்குமா?

ஒரு டாக்டர் பதில் எழுதியிருந்தார்.

"புகை வராததுதான் இதில் ஆபத்து. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் கலந்தால், ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ச்சல் இருக்காது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி இருக்கும். பலர் இதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே போனால் வலி குறைகிறதா, திரும்பி வந்தால் மறுபடி..."

கரண்ட் போய்விட்டது.

"போச்சு," என்றாள் அமலா. "இனிமே எப்ப வருமோ. யு.பி.எஸ்.லயும் பேட்டரி செத்துப்போச்சிக்கா."

ஸ்வர்ணலதா இருண்ட திரையைப் பார்த்தபடியே இருந்தாள். முள்ளிப்பட்டில் ஐந்து நாள். அமாவாசை. கதவோரத் தறி, உள்பக்கத் தறி.

ஆனால் போன வருஷமும் இதே கரிச்சட்டிதான். புதுப்பெண்ணாக வந்த பரிமளா அந்த மழைக்காலம் முழுக்க இதே அறையில்தான் நெய்தாள். ஒரு நாள்கூடத் தலை வலிக்கிறது என்று சொன்னதில்லை. அப்படியென்றால் இது இல்லையா?

அதை நினைத்துக்கொண்டே அண்ணாந்தாள். மாடிப்படியின் சிமென்ட் அடிப்பாகம் தலைக்கு மேலே இருந்தது.

போன வருஷம் ஓட்டு வீடு. ஓட்டுக்கு ஓடு இடைவெளி, மழை ஒழுகும், பூனை வரும், காற்றும் போகும். சித்திரையில் ஓடுகளை இறக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டார்கள். காற்று போக ஓட்டை வைக்க வேண்டாம், சிலந்தி வலை கட்டும் என்று அம்மாதான் மேஸ்திரியிடம் சொன்னாள்.

மணி பதினொன்றரை.

"அமலா, வேற எங்கயாவது கரண்ட் இருக்கா?"

"லைன்ல மரம் விழுந்துட்டுதாம். ஊரே இல்ல. நீங்க போயிட்டு சாயங்காலம் வாங்களேன்க்கா."

போகலாம். போய் வாயால் சொல்லலாம். அம்மா கேட்க மாட்டாள். ஐந்து வருஷத்துக்கு முன் கலசப்பாக்கத்தில் இதே மாதிரி பாய் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியபோது, ஸ்வர்ணலதா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குச் சொல்ல இருந்தது. கையில் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

"நான் இருக்கறேன்," என்றாள்.

கரண்ட் வந்தபோது மணி இரண்டே கால். பிரிண்ட் எடுத்ததில் டாக்டரின் பதில் இரண்டு பக்கம் வந்தது. அமலா அதைப் பால் கவருக்குள் போட்டு மடித்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கான சோதனைகளை எடுக்க ஸ்வர்ணலதா மறந்தே போனாள்.

* * *

வாசலில் ஒரு பெரிய கறுப்புக் குடை விரித்தபடி சொட்டிக்கொண்டிருந்தது. பரிமளாவின் அப்பா சிவப்பிரகாசம் சீக்கிரமே வந்துவிட்டார். கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். தறி நெய்து வளைந்த முதுகு சுவரில் படவில்லை. எதிரே நாற்காலியில் கற்பகம். ஹேமநாத் தூணோரமாக நின்றான். பரிமளா உள் வாசற்படியில், பக்கத்தில் பெட்டி.

"நான் குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க சம்பந்தி," என்று கற்பகம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த வீடு அவளுக்கு ஒத்துக்கல. அங்க இருந்தா நல்லா இருக்கறா. இங்க வந்தா படுத்துக்கறா. எங்களுக்கும் எத்தினி நாளைக்கு இந்த பேஜாரு? கொஞ்ச காலம் உங்க கிட்டயே இருக்கட்டும்."

"எத்தினி காலம்னு சொல்லுங்க சம்பந்தியம்மா."

"அத எப்படி நான் சொல்றது?"

"அப்ப இது கூட்டிகினு போறது இல்ல. திருப்பி அனுப்பறது." சிவப்பிரகாசத்தின் குரலில் கோபம்கூட இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்புதான் இருந்தது. "நல்லா இருந்த பொண்ணைத்தான் குடுத்தேன்."

ஸ்வர்ணலதா ஈரப் புடவையோடு நடுவில் வந்து நின்றாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். இத படிக்கறேன், கேளு."

"நீ ஏண்டி நடுவுல? போய் தலைய தொவட்டு."

அவள் படித்தாள். நின்றுகொண்டே, பள்ளிக்கூடத்தில் சுற்றறிக்கை படிக்கிற குரலில். வாயுவின் பெயர் வந்த இடத்தில் சிவப்பிரகாசம் நிமிர்ந்தார். வெளியே போனால் குறையும், திரும்பினால் கூடும் என்ற இடத்தில் பரிமளா எழுந்து நின்றாள். ரத்தம் குறைவாக இருப்பவர்களை இது சீக்கிரம் தாக்கும் என்பதை ஸ்வர்ணலதா இரண்டு தடவை படித்தாள்.

"யாரு எழுதினது இது?" என்றாள் கற்பகம்.

"ஒரு டாக்டர்மா. பத்திரிகையில வந்தது."

"எவனோ கம்ப்யூட்டர்ல எழுதிட்டா ஆச்சா? அவன் நம்ம வீட்ட வந்து பார்த்தானா? முப்பது வருஷம் இந்தக் கரிச்சட்டிய கால்மாட்டுல வெச்சிதான் நானும் நெய்ஞ்சேன். உங்க ரெண்டு பேரையும் வயித்துல சுமந்துகினு நெய்ஞ்சேன். எனக்கு ஏன் ஒண்ணும் ஆவல?"

"அப்ப ஓடு இருந்துச்சும்மா. காத்து மேல போயிடும். இப்ப தளம் போட்டுட்டோம், ஜன்னலையும் சாத்திட்டோம். காத்து எங்க போவும்?"

கற்பகத்தின் முகம் மாறியது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒழுகுகிற ஓட்டின் அடியில் பாத்திரம் வைத்து எழுந்தவள் அவள். புருஷன் இருந்தபோது கேட்டுக் கேட்டு நடக்காத தளம். அவர் போன பிறகு தானே நின்று போட்ட தளம்.

"நான் கட்டின தளம்தான் அவளைக் கொல்லுதுன்றியா?"

"அப்படிச் சொல்லலம்மா. ஜன்னலைத் தொறந்து வெச்சா போதும். மேல ரெண்டு ஓட்டை போட்டா போதும். இன்னும் இருக்குது, முழுசா கேளு. என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு..."

"போதும்டி. நிறுத்து."

அப்போதுதான் ஹேமநாத் பேசினான். அதுவரை அவன் வாயே திறக்கவில்லை.

"எனக்கும் வலிக்குதும்மா."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"தறியில உக்காந்து ரெண்டு மணி நேரம் ஆனா நெத்திப் பொட்டுல புடிச்சிக்கும். எழுந்து டீக்கடைக்குப் போய் நின்னா வுட்டுடும். அதுக்குத்தான் அஞ்சு வாட்டி போறேன். கண்ணு கெட்டுப்போச்சோன்னு நினைச்சிகினு இருந்தேன்."

கற்பகம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிவப்பிரகாசம் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நல்ல காலம்மா," என்றார் ஸ்வர்ணலதாவிடம். "பெரிய உபகாரம் பண்ணே."

இதோடு முடிந்தது என்றுதான் ஸ்வர்ணலதா நினைத்தாள். பாயைச் சுருட்டலாம், காபி போடலாம், பெட்டியைப் பிரிக்கலாம். கால் வலித்தது. எங்காவது உட்கார வேண்டும் போல இருந்தது.

பரிமளா பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"போலாம்பா."

"இன்னாம்மா? அதான் காரணம் தெரிஞ்சிடுச்சே."

"நோவுக்குக் காரணம் தெரிஞ்சிடுச்சு." அவள் ஹேமநாத்தைப் பார்த்தாள். "உங்களுக்கும் ஒரு மாசமா வலிச்சுது. அத்தை என்னை நடிக்கறேன்னு சொன்னப்ப பக்கத்துலதான் நின்னீங்க. தெருவுல நாலு பேருக்கு முன்னாடி வேலைத்திருடின்னு சொன்னப்பவும் நின்னீங்க. எனக்கும் அப்படித்தாம்மா இருக்குதுன்னு ஒரு வார்த்தை. அது ஏங்க வரல?"

"ரெண்டும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியாது பரிமளா."

"தெரிய வேணாம். சொல்லியிருக்கலாம்."

பரிமளா ஸ்வர்ணலதா பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அந்தப் பேப்பரைக் குடுங்க. டாக்டர் கிட்ட காட்டறேன்." வாங்கி மடித்துப் பெட்டியின் பக்கப் பையில் வைத்தாள். "எத்தினி நாள்னு அத்தை சொல்ல வேணாம். நானே யோசிச்சிச் சொல்றேன்."

* * *

பஸ் ஸ்டாண்டுவரை ஸ்வர்ணலதாவும் ஹேமநாத்தும் கூடப் போனார்கள். பெட்டியை ஹேமநாத் வாங்கிக்கொண்டான். பரிமளா கொடுத்துவிட்டாள், ஆனால் பேசவில்லை. திங்கட்கிழமை வேலூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப்போவதாகச் சிவப்பிரகாசம் சொன்னார். முள்ளிப்பட்டு பஸ் நிரம்பி வந்தது. ஏறினார்கள். ஜன்னல் ஷட்டர் மூடியிருந்ததால் கையசைக்கிற வேலையும் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது ஹேமநாத் கேட்டான்.

"நான் என்னக்கா சொல்லியிருக்கணும்?"

"அவ சொன்னாளே. அதான்."

ஸ்வர்ணலதாவுக்காக அன்றைக்குக் கலசப்பாக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றவனும் இவன்தான். அப்போது இருபத்தாறு வயசு. அதை இன்றைக்குச் சொல்லிக்காட்டத் தெம்பு இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. கூடத்தில் பாய் விரித்தபடியே கிடந்தது. நாற்காலி காலி.

"அம்மா?"

சமையலறையில் இல்லை. தோட்டத்துப் பக்கமும் இல்லை. தறி அறைக் கதவு சாத்தியிருந்தது. ஹேமநாத் தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள்.

உள்ளேயிருந்து தறிச் சத்தம் வந்தது. மெதுவாக ஒரு தட்டு. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

"அம்மா, கதவைத் தொற. ஜன்னல் தொறந்திருக்கா?"

"சாத்திதான் இருக்கு." கற்பகத்தின் குரல் தடித்து வந்தது. "நீங்க போனப்ப உக்காந்தேன். முப்பது வருஷம் ஆவாதது இன்னைக்கு ஆவுதான்னு பாக்கறேன்."

ஸ்வர்ணலதாவுக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. அவள் படிக்க விடாமல் அம்மா நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரி அதுதான். *உண்மையா என்று சோதித்துப் பார்க்க உள்ளே உட்காராதீர்கள். தலைவலி வந்த பிறகு எழுந்து வரக் கால் ஒத்துழைக்காமல் போகலாம்.* கரண்ட் வந்த பிறகு அதைப் படித்தபோது, யார் இப்படிச் செய்வார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

"ஹேமா, உடைடா."

"கதவையா?"

"ஜன்னலை. வெளிப்பக்கமா போ. ஜல்தி."

அவன் மழையில் ஓடினான். கடப்பாரையால் இரண்டு இடி. கொக்கி பெயர்ந்தது. கோணியைப் பிய்த்து எறிந்துவிட்டு ஜன்னல் வழியாகவே உள்ளே குதித்துத் தாழ்ப்பாளைத் திறந்தான். கற்பகம் தறிப்பலகையில் சாய்ந்து, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நினைவு இருந்தது. இருவரும் ஆளுக்கொரு தோளாகப் பிடித்து நடத்திக்கொண்டுபோய், கொல்லைப் பக்கம் துணி துவைக்கிற கல்லில் காற்றாட உட்கார வைத்தார்கள். ஹேமநாத் கரிச்சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மழையில் வைத்தான். அது சீறி அணைந்தது.

கற்பகம் குமட்டினாள். ஒன்றும் வரவில்லை. ஸ்வர்ணலதா அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சை நல்லா இழுத்து வுடும்மா. ஆட்டோ கூப்புடறேன், டாக்டர் கிட்ட போலாம்."

"போலாம், இரு." சாரல் முகத்தில் அடிக்க, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். "ஒரு மணி நேரம்கூட ஆவலடி."

"பேசாதம்மா."

"இழை ரெண்டு அறுந்துச்சு. முடிச்சு போடறேன், கையி எம் பேச்சு கேக்கல." கண்ணைத் திறந்தாள். "இந்த மண்டை நோவ வெச்சிகினு அவ எப்படிடி தெனம் பத்து மணி நேரம் நெய்ஞ்சா?"

ஹேமநாத் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஃபோன் பண்ணினான். ஸ்வர்ணலதா புடவைத் தலைப்பால் அம்மாவின் வாயைத் துடைத்தாள்.

"ஃபோன் போடு அவளுக்கு," என்றாள் கற்பகம்.

"மொதல்ல டாக்டர்மா."

"ஆட்டோ வர்றதுக்குள்ள போடுடா ஹேமா. உங்கப்பா இருந்தா எனக்கு முன்னாடி அவரு போட்டிருப்பாரு."

ஹேமநாத் செல்ஃபோனை எடுத்து மாமனார் நம்பரை அழுத்தினான். சிவப்பிரகாசம்தான் எடுத்தார். பஸ் இறங்கி வீட்டுக்குள் இப்போதுதான் நுழைகிறோம் என்றார். அவன் ஒன்றும் விவரம் சொல்லாமல், அம்மா பரிமளாவிடம் பேச வேண்டும் என்கிறாள் என்று மட்டும் சொல்லி ஃபோனைக் கற்பகத்திடம் கொடுத்தான். ஈரக் கையில் அது வழுக்கியது. ஸ்வர்ணலதா காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

"சொல்லுங்க," என்றாள் பரிமளா.

அத்தை என்ற சொல் அதில் இல்லை. மூன்று பேருக்கும் அது கேட்டது.

கற்பகம் ஃபோன் பக்கமாகத் தலையைச் சாய்த்தாள்.

"நீ நடிக்கலம்மா," என்றாள். "நான் உக்காந்து பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் மழைதான் கேட்டது, முள்ளிப்பட்டிலும் இங்கேயும் ஒரே மாதிரி.

"திங்கக்கிழமை வேலூருக்கு எந்த பஸ்ஸுன்னு சொல்லு. நானும் வர்றேன். உன் கூட உக்காந்து டாக்டர் கிட்ட நானே சொல்றேன், எங்க வீட்ல ஜன்னலை சாத்தி வெச்சிருந்தோம்னு."

தெருமுனையில் ஆட்டோவின் ஹாரன் கேட்டது. ஹேமநாத் வாசலுக்கு ஓடினான்.

ஸ்வர்ணலதா குனிந்து, காதுக்கும் ஃபோனுக்கும் இடையில் தெரிந்த சின்னத் திரையைப் பார்த்தாள். பரிமளா ஃபோனை வைத்துவிடவில்லை. பேசவும் இல்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று விநாடிகள் ஏறிக்கொண்டே இருந்தன. கற்பகம் அதைக் காதிலிருந்து எடுக்காமல், எழுந்திருக்கவும் மாட்டாமல், அப்படியே கல்லில் உட்கார்ந்திருந்தாள்.